கொத்துக்கரண்டியை எடுக்கும் முன்

புதிதாக வீடு கட்டுவதும், மக்கள் குடியிருக்கும் வீட்டைத் திருத்துவதும் ஒரே தன்மையுடைய வேலைகள் அல்ல. வெற்று நிலத்தில் வேலை நடக்கும்போது அங்கு யாரும் சமைப்பதில்லை, உறங்குவதில்லை. குடியிருக்கும் வீட்டிலோ, வேலை நடக்கும் நாளிலும் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட வேண்டும். முதியவர்கள் குளிக்க வேண்டும். எனவே, வேலை சிறியதாயினும் அதற்குரிய திட்டம் சிறியதன்று. தரையை உடைத்த பின்னர் எண்ணத் தொடங்கினால், அந்த வீட்டார் உடைந்த தரையின்மீதுதான் வாழ நேரிடும்.

வீட்டுச் சீரமைப்பு வேலை ஒன்றை வாடிக்கையாளர் ஒருவருக்காக ஏற்றுக்கொள்ளும் கொத்தனார், கொத்துக்கரண்டியைக் கையில் எடுக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இரு மொழி வழங்கும் ஊர்

கர்நாடகத்தில், கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூர் அமைந்துள்ளது. கொள்ளேகால் பகுதி முன்னர்ச் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழி அடிப்படையில் சீரமைக்கப்பட்டபோது, அது மைசூர் மாநிலத்தில் இணைந்து மைசூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அம்மாவட்டத்திற்குள் வந்தது. ஹனூர் இன்று தனி வட்டத்தின் தலைமையிடமாக விளங்குகிறது.

எல்லைகள் மாறியபோதும் மக்கள் இடம்பெயரவில்லை. மார்ட்டள்ளி, கோபிநத்தம் முதலிய சுற்றுவட்ட ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. சந்தையிலும், பேருந்திலும், கட்டட வேலை நடக்கும் இடத்திலும் கன்னடமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. வீட்டுக்காரர் கன்னடம் பேசுபவராகவும் கொத்தனார் தமிழ் பேசுபவராகவும் இருப்பது இங்கே வியப்பன்று. இத்தகைய ஊரில் உள்ள ஓர் ஓட்டு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கேட்டதும் தேவையும்

அவ்வீட்டின் அடுப்படிக்குப் பின்னால் 8 அடி நீளமும் 6 அடி அகலமும் உடைய தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. கொல்லையில் உள்ள குளியலறைக்கு அதன் வழியாகத்தான் செல்ல வேண்டும். கூரை ஓடுகள் சில உடைந்துள்ளன. வீட்டுக்கார அம்மையார் கொத்தனாரை அழைத்துக் காட்டுகிறார்.

“ஓடு மாற்ற வேண்டும், மேஸ்திரி. மழை பெய்தால் தரையெல்லாம் ஈரமாகிவிடுகிறது.”

“மழை இல்லாத நாளில் தரை உலர்ந்திருக்கிறதா, அம்மா?”

அம்மையார் சற்று எண்ணிப் பார்க்கிறார். “இல்லை. பாத்திரம் கழுவும் நீரும் அங்கேதான் தேங்குகிறது.”

“இரவில் அவ்வழியே யார் போவார்கள்?”

“என் மாமியார். இரண்டு முறையாவது எழுந்து போவார். சென்ற மாதம் கால் வழுக்கிவிட்டது. நல்லவேளையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.”

அம்மையார் கேட்டது கூரை ஓடு. அவ்வீட்டிற்குத் தேவையானது, மூதாட்டி ஒருவர் விழாமல் நடக்கக்கூடிய வழி. இரண்டும் ஒன்றல்ல. கொத்தனார் கேட்டதை மட்டும் செய்து, கூலி பெற்றுச் சென்றிருந்தால், புதிய ஓட்டின் கீழும் தரை ஈரமாகவே இருந்திருக்கும். செலவு செய்தும் ஆபத்து நீங்கியிராது.

ஆகவே, திட்டத்தின் முதற்படி கேள்வி கேட்பது. என்ன வேண்டும் என்பதோடு, ஏன் வேண்டும், எப்போது தொல்லை நேர்கிறது, அவ்விடத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். வீட்டில் உள்ள எல்லாரிடமும் கேட்பது நன்று. அடுப்படியில் புழங்குபவருக்குத் தெரிந்தது, பணம் கொடுப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அண்டை மாநிலமான கேரளத்தில் இம்முறையைப் பெருநெறியாகக் கைக்கொண்டவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த இக்கட்டடக்கலைஞர், 1945-இல் இந்தியாவுக்கு வந்தார். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் மறையும் வரை எளிய மக்களுக்கும் ஏற்ற வீடுகளைக் கட்டினார். வீட்டில் வாழப்போகும் குடும்பத்தின் பழக்கங்களையும் பணவசதியையும் அறிந்த பின்னரே அவர் வரைபடம் வரைவார். கொத்தர்களோடு கட்டுமிடத்தில் நின்று வேலை வாங்குவார். பழைய கதவுகளையும் சன்னல்களையும் வீணாக்காமல் மறுபடியும் பொருத்துவார். செங்கற்களைக் குத்துநிலையில் வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ முறையை அவர் பரவலாக்கினார். அம்முறையால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். 1990-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வேண்டாத செலவைத் தவிர்ப்பதும் வீட்டுக்காரருக்குச் செய்யும் தொண்டே என்பதற்கு அவர் பணி சான்றாகும்.

ஹனூர் வீட்டிலும் இதையே காணலாம். கூரை முழுவதையும் மாற்ற வேண்டிய தேவையில்லை. உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றினால் போதும். அதனால் மிஞ்சும் பணம் தரைக்கும் கைப்பிடிக்கும் பயன்படும். எனினும், எதைச் செய்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரரே. காரணத்தை விளக்கிச் சொல்வது கொத்தனாரின் கடமை. முடிவு வீட்டுக்காரரின் உரிமை.

அளந்து அறிதல்

கண்ணால் பார்த்து மதிப்பிடுவது அளவாகாது. தாழ்வாரத்தின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளவுநாடாவால் அளந்து தாளில் குறிக்க வேண்டும். பின்னர் மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 8 அடிக்கு 6 அடி இடத்தின் மூலைகள் சரியான செங்கோணமாக இருந்தால், மூலைவிட்டம் 10 அடி இருக்கும். கணிதப் பாடத்தில் கற்கும் பிதாகரஸ் தேற்றம் கொத்தனாரின் கயிற்றில் நாள்தோறும் பயன்படுகிறது. இரு மூலைவிட்டங்களும் ஒத்த அளவினவாக இல்லையெனில் இடம் கோணலாக உள்ளது என்பது பொருள். பதிக்கும் தரை ஓடுகள் ஒரு பக்கம் முழுமையாகவும் மறுபக்கம் சாய்வாக வெட்டுண்டும் அமையும். இதை முன்னரே அறிந்தால் கூடுதல் ஓடுகளைக் கணக்கில் சேர்க்கலாம்.

அடுத்து, நீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதை அறிய வேண்டும். இதற்கு ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாய் ஒன்றில் நீர் நிரப்பி, ஒரு முனையை அடுப்படி வாயிலிலும் மறுமுனையைக் கொல்லைப் பக்கத்திலும் பிடிப்பர். நடுவில் காற்றுக்குமிழ் இல்லையெனில், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து இரு புறமும் தரை எவ்வளவு தாழ்ந்துள்ளது என அளந்தால் உண்மை வெளிப்படும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் தரை அடுப்படிப் பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. ஓடு மாற்றுவதால் தீராத குறை இதுதான். நீர் தானாக வெளியேற, 8 அடி நீளத்திற்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை கொல்லைப் பக்கமாகச் சரிவு வேண்டும்.

கைப்பிடியின் உயரத்திற்கு நூல்களில் பொது அளவுகள் உண்டு. ஆனால், இந்த வீட்டில் அதைப் பயன்படுத்தப்போகும் மூதாட்டி அருகிலேயே இருக்கிறார். அவரை அவ்விடத்தில் நிற்கச் செய்து, கை இயல்பாகப் படியும் உயரத்தைச் சுவரில் கரிக்கோட்டால் குறித்துக்கொள்வதே சிறந்த அளவு. சுவர் செங்கற்சுவரா, மண்சுவரா என்பதையும் தட்டிப் பார்க்க வேண்டும். மண்சுவரில் திருகாணி உறுதியாக நிற்காது. அங்கே கைப்பிடிக்குத் தனித் தூண் நட வேண்டும். சுவருக்குள் மின்கம்பியோ நீர்க்குழாயோ செல்கிறதா என விசாரிக்காமல் உளியை வைத்தலும் ஆகாது.

சொல் மாறினால் அளவு மாறும்

கட்டட வேலையில் தமிழும் கன்னடமும் பல சொற்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ‘அடி’ இரு மொழியிலும் அடியே. தமிழில் ‘கல்’, ‘மண்’ என்பவை கன்னடத்தில் ‘கல்லு’, ‘மண்ணு’ என வழங்கும். செங்கல்லைக் கன்னடத்தார் ‘இட்டிகெ’ என்பர். பழந்தமிழிலும் செங்கல்லுக்கு ‘இட்டிகை’ என்னும் பெயர் உண்டு. இவ்வொற்றுமை உறவை வளர்க்கும்.

ஆயினும், ஒத்து ஒலிக்கும் சொற்களில் கவனமும் வேண்டும். கன்னடத்தில் ‘மனெ’ என்றால் வீடு. இன்றைய தமிழ் வழக்கில் ‘மனை’ என்றால் பெரும்பாலும் வீடு கட்டுவதற்கான வெற்று நிலம். அளவுச் சொற்களிலும் குழப்பம் நேரலாம். கட்டட வேலையில் ‘ஒரு சதுரம்’ என்பது 100 சதுர அடியைக் குறிக்கும். ‘ஒரு யூனிட்’ மணல் என்பது 100 கன அடி. இவ்வழக்கை அறியாத வீட்டுக்காரர், ‘சதுரத்துக்கு இவ்வளவு கூலி’ என்று கேட்டதும் அதைச் சதுர அடிக்கான கூலி என்று எண்ணி அஞ்சக்கூடும். ஆதலால் பேசும்போதே, எச்சொல் எதைக் குறிக்கிறது என்பதை இருவரும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வரைபடம் ஒன்றைத் தாளில் வரைந்து அளவுகளை எண்ணால் எழுதிக் காட்டினால், மொழி தடையாகாது.

பொருளும் கூலியும்

அளவு கிடைத்த பின் மதிப்பீடு எளிதாகும். தாழ்வாரத் தரையின் பரப்பு 8 × 6 = 48 சதுர அடி. பழைய தரையை நீக்கி, 4 அங்குலக் கனத்தில் அடித்தளக் காங்கிரீட் இட வேண்டுமாயின், 4 அங்குலம் என்பது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்காதலால், 16 கன அடி காங்கிரீட் தேவை. சிமெண்டு 1, மணல் 4, ஜல்லி 8 என்னும் விகிதத்தில் கலந்தால், இதற்கு ஏறத்தாழ ஒன்றரை மூட்டை சிமெண்டும், 8 கன அடி மணலும், 15 கன அடி ஜல்லியும் வேண்டும். சேர்க்கும் பொருள்களின் மொத்தம் 16 கன அடியை விடக் கூடுதலாக இருப்பது ஏன் என்று வியப்புத் தோன்றலாம். ஜல்லிக்கற்களின் இடைவெளிகளில் மணலும், மணலின் இடைவெளிகளில் சிமெண்டும் புகுந்து அடங்குவதே காரணம்.

ஓரடிச் சதுரமுள்ள, வழுக்காத சொரசொரப்பான தரை ஓடுகள் 48 வேண்டும். வெட்டும்போது உடைவனவற்றிற்காக நூற்றுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 53 ஆகும். பளபளக்கும் ஓடு கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஈரம்படும் இடத்திற்கு அது பொருந்தாது.

பொருளின் விலையோடு கூலி, ஏற்றி இறக்கும் செலவு, உடைத்த கழிவை அகற்றும் செலவு ஆகியவற்றையும் தனித்தனியே எழுத வேண்டும். பழைய தரையை உடைத்த பின்னர்தான் தெரியவரும் குறைகளும் உண்டு. கீழே எலிவளை இருக்கலாம்; மண் இறங்கியிருக்கலாம். இதற்காக மொத்த மதிப்பில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்குமாறு வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர்ச் சொன்னால் அதே தொகை ஏமாற்றுப் போலத் தோன்றும்.

எழுத்தில் வைத்தல்

சிறிய வேலைதானே என்று வாய்ச்சொல்லோடு விடுவது வழக்கம். அவ்வாறு விடப்பட்ட வேலைகளில்தான் பூசல் மிகுதி. இரு தரப்பாரும் பொய்யர் அல்லர்; ஒவ்வொருவரும் தாம் நினைத்ததே பேசப்பட்டது என நம்புகின்றனர். ஒரு பக்கத் தாள் இப்பூசலைத் தவிர்க்கும். அதில் இடம்பெற வேண்டியவை வருமாறு:

செய்யும் வேலைகள்: உடைந்த கூரை ஓடுகளை மாற்றுதல், தரையை உடைத்துச் சரிவுடன் அமைத்தல், தரை ஓடு பதித்தல், கைப்பிடி பொருத்துதல்.

செய்யாத வேலைகள்: சுவர்களுக்கு வண்ணம் பூசுதல், குளியலறையைத் திருத்துதல்.

பொருள் வாங்குபவர் யார், கழிவை அகற்றுபவர் யார், வேலைக்கு நீரும் மின்சாரமும் தருபவர் யார் என்பவை.

தொகையும் அதனைத் தரும் தவணைகளும். முன்பணம் ஒரு பகுதி, அடித்தளம் முடிந்ததும் ஒரு பகுதி, வேலை நிறைவுற்றதும் எஞ்சிய பகுதி எனப் பிரிப்பது இருவருக்கும் காப்பு. முழுத் தொகையையும் முதலில் தந்தால் வீட்டுக்காரர் கலங்குவார். எதுவும் தராவிட்டால், சித்தாளுக்கு மாலையில் கூலி தர வேண்டிய கொத்தனார் கடன்பட நேரும்.

இடையில் வேலை கூடினாலோ குறைந்தாலோ, அதற்கான தொகையை அத்தாளிலேயே எழுதி இருவரும் ஒப்பமிட்ட பிறகே தொடர்வது என்னும் உறுதி.

இறுதியாக, வேலை நிறைவுற்றதை எப்படி அறிவது என்பதும் எழுதப்பட வேண்டும். ‘தரை நன்றாக இருக்க வேண்டும்’ என்பது அளவுகோல் ஆகாது. ‘ஒரு வாளி நீரை அடுப்படி வாயிலருகே ஊற்றினால், அது எங்கும் தேங்காமல் கொல்லைப் பக்கம் வெளியேற வேண்டும்’ என்பது அளவுகோல். இதனை இருவரும் ஒரே கண்ணால் காண முடியும்.

நாளும் வரிசையும்

ஹனூர்ப் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. எனவே, கூரையைத் தொடும் வேலைக்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. வீட்டில் திருமணமோ, பிள்ளைகளுக்குத் தேர்வோ, பண்டிகையோ வருமாயின் அந்நாள்களையும் விலக்க வேண்டும். வெளியேறும் நீர் பக்கத்து வீட்டு எல்லைக்குள் பாயக் கூடாது. பொதுச் சாக்கடையில் குழாயை இணைப்பதாயின் பட்டணப் பஞ்சாயத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

வேலையின் வரிசை மேலிருந்து கீழாகச் செல்ல வேண்டும். முதலில் கூரை. அதன் பின்னரே தரை. மாறிச் செய்தால் கூரையிலிருந்து விழும் ஓட்டுத்துண்டுகள் புதிய தரையைக் கெடுக்கும். அடித்தளக் காங்கிரீட் இட்ட பின் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. நாளை மிச்சப்படுத்த இதைச் சுருக்கினால் தரை விரைவில் வெடிக்கும்.

இவ்வாறு எண்ணினால் முழு வேலைக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அப்படியானால், அந்த இரண்டு வாரமும் மூதாட்டி குளியலறைக்கு எவ்வழியே செல்வார்? உடைத்த தரைமீது பலகை போட்டு நடக்கச் சொல்வது, அவரைக் காக்கத் தொடங்கிய வேலையாலேயே அவரை வீழ்த்துவதாக முடியும். வீட்டின் பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குச் செல்ல முடியுமா எனப் பார்த்து, அங்குள்ள கற்களை அகற்றி, இரவுக்கு ஒரு விளக்கை மாட்ட வேண்டும். தரையை உடைக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.

தொடங்கும் நாள்

தொடக்க நாளில் பலர் பூசை செய்து, மஞ்சள் குங்குமம் இட்டுப் பணி தொடங்குவர். அதன்பின் கொத்தனார் செய்யும் முதற்செயல் நூல் பிடிப்பது. இது மிகப் பழைய மரபு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை அமைக்கும் வல்லுநர்கள் நண்பகல் வேளையில் கோல்களின் நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து இடத்தை வகுத்த செய்தியை நக்கீரர் கூறியுள்ளார். அரசியின் மாளிகையாயினும் எளியவர் வீட்டுத் தாழ்வாரமாயினும், அளவு முந்தியது; சுவர் பிந்தியது.

நூல் பிடித்து, புதிய தரையின் மட்டத்தைச் சுவரைச் சுற்றிக் கோடாக வரைந்து, வீட்டுக்காரரை அழைத்துக் காட்ட வேண்டும். “தரை இந்த உயரத்தில் வரும், அம்மா. கதவு தட்டாமல் திறக்கும். நீர் அந்தப் பக்கம் போகும்” என்று விளக்க வேண்டும். கோட்டை அழித்து மறுபடி வரையச் சில நொடிகள் போதும். காங்கிரீட்டை உடைத்து மறுபடி இட ஒரு வாரம் வேண்டும்.

வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில், தந்தையின் தமிழுக்கும் வீட்டுக்காரரின் கன்னடத்திற்கும் இடையே நின்று பேசுபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே. ஒப்பந்தத் தாளை உரக்கப் படித்துக் காட்டும் பொறுப்பும் அவர்களிடமே வருகிறது. அப்போது, புரியாத ஒரு சொல்லை ஊகித்துச் சொல்லிவிடாமல், நிறுத்தி, அதன் பொருளைக் கேட்டு, இருவரும் ஒப்பிய பின்னரே அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். சதுரத்தைச் சதுர அடி என்று மாற்றிச் சொன்னால், ஒரு குடும்பத்தின் சேமிப்போ மற்றொரு குடும்பத்தின் கூலியோ குறையும். சரியாகச் சொன்னால், கொத்தனாருக்கு உரிய கூலி கிடைக்கும். மூதாட்டி இரவில் அச்சமின்றி நடப்பார்.